கழற்றுவது சுலபம்

பைக் ஓட்டாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்டுரையில் டிபன் கேரியரும் வருகிறது.

விமர்சனம் என்றால் சினிமாவுக்கும் நாவலுக்கும்தானா? இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கண்ணாடியை. பெரிய டூரிங் பைக்குகளின் முன்னால் நெஞ்சு உயரத்துக்கு நிற்குமே, அந்த விண்ட்ஷீல்டு. அதிலும் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்டுகிற ரகம். 'பத்தே விநாடியில் கழற்றலாம்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. உண்மைதான். தானாகவே கழன்றுகொள்ள அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது.

பைக் நண்பனுடையது. கண்ணாடி அவன் தனியாக வாங்கிப் பொருத்தியது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சென்னையிலிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். நான் பின் சீட்டில்.

இந்தப் பயணத்துக்குக் கழற்றும் கண்ணாடி பொருத்தமான சாமான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று நாலு வழிச் சாலை வெட்டவெளியில் ஓடுகிறது. நான் பி.காம். என்றாலும் கணக்கு போட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ எடை வைத்தாற்போல அழுத்தும். இந்தக் கண்ணாடி கால் சதுர மீட்டர். ஆக ஏழெட்டு கிலோ. கண்ணாடி இல்லையென்றால் அதை நண்பனின் நெஞ்சு சுமக்கவேண்டும், மணிக்கணக்காக.

ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறத் தொடங்கியதும் கதை மாறுகிறது. வளைவுகளில் வேகம் இருபத்தைந்தைத் தாண்டாது. காற்று ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடிமேல் தூறலும் பனியும் படிகின்றன. துடைக்க வைப்பர் கிடையாது. எதிரே வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ், தண்ணீர்க் கோலத்துக்கு நடுவே மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். எனவே அடிவாரத்திலேயே கழற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கழற்றினோம். கழற்றியதை எங்கே வைப்பது? பெட்டியில் நுழையாது, மடியில் வைத்துக்கொண்டால் பாய்மரம். கழற்றலாம் என்று விளம்பரப்படுத்துகிறவர்கள் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு டீக்கடை அம்மாவிடம் ஒப்படைத்தோம். "விக்கிறதா சார்?" என்றார். "இல்லம்மா, சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம்."

சாயங்காலம் வருவதற்குள் இருட்டிவிட்டது. கரண்டும் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் மாட்டினோம். இடது பக்கம் 'டக்' என்றது. வலது பக்கமும் 'டக்' என்றது. டீயைக் குடித்துவிட்டுப் புறப்பட்டோம்.

கள்ளக்குறிச்சி வரை ஒன்றும் ஆகவில்லை. இதுதான் இந்தச் சாமானின் மோசமான குணம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. 40-ல் இரண்டு கிலோ அழுத்தத்துக்கு அந்தக் கண்ணாடி சாதுவாக உட்கார்ந்திருந்தது. பைபாஸ் தாண்டி 80-ஐத் தொட்டு, ஒரு கரும்பு லாரியை முந்தி வெளியே வந்தோம் பாருங்கள், லாரி மறைத்திருந்த காற்று ஒரு பக்கமாக வந்து அறைந்தது. வலது பக்கம் விடுபட்டு, கண்ணாடி இடது கொக்கியை அச்சாக வைத்துக் கதவு மாதிரி திறந்தது. நண்பனின் ஹெல்மெட்டில் மோதி, அப்படியே ஹேண்டில்பாருக்குக் குறுக்கே விழுந்தது. திருப்ப முடியவில்லை. இடது கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிரேக் போட்டு, அவன் ஓரம் கட்டியது எப்படி என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. முந்தி வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அதன் செய்முறைத் தாளை எடுத்துப் படித்தேன். நாலு படம். கடைசிப் படத்துக்குக் கீழே 'நன்றாகப் பொருந்தியுள்ளதா என உறுதி செய்துகொள்ளவும்'. சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுவார்களே, அந்த ஜாதி வாக்கியம். நன்றாக என்றால் எவ்வளவு? எதைப் பார்த்து உறுதி செய்வது? சமையலிலாவது நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது டிபன் கேரியர். அடுக்கின்மேல் கொக்கியைச் சரியாக அழுத்தாமல் தூக்கிப் பாருங்கள். சமையலறை மேடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். போனால் ஒரு கரண்டி சாம்பார் போகும். வீட்டுக்குள்ளேயே அம்பலமாகிவிடுவதால் தெருவில் மானம் போவதில்லை. நண்பனின் கண்ணாடிக் கொக்கியோ மூடினாலும் மூடாவிட்டாலும் பார்வைக்கு ஒரே மாதிரி. கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பு நாக்கு. பூட்டாதபோது தெரிகிற மாதிரி உள்ளே ஒரு சிவப்புப் பட்டை அடித்திருந்தால் எத்தனை ரூபாய் கூடியிருக்கும்?

நல்லபடி செய்யவே முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் 1994-ல் ரோட் கிங் என்ற பெயரில் கொண்டுவந்த பைக்கில் கழற்றும் கண்ணாடி உண்டு. பைக்கில் நாலு ரப்பர் புஷ்கள். கண்ணாடியின் பிராக்கெட்டில் உள்ள வெட்டுகள் அவற்றின்மேல் உட்காரவேண்டும், முதலில் கீழே இரண்டு, பிறகு மேலே இரண்டு. அப்புறம்தான் பக்கத்துக்கு ஒரு கம்பி ஸ்பிரிங்கைக் கீழே தள்ளுவது. சுமையைத் தாங்குவது அந்த நாலு இருக்கைகள். ஸ்பிரிங் வெறும் வாட்ச்மேன். கம்பி மேலே நிற்கிறதா, கீழே படுத்திருக்கிறதா என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். நண்பனுடையதில் வாட்ச்மேனே மூட்டையும் தூக்கவேண்டும்.

ரிப்பேருக்குப் போனால் எதிர்ப்பக்கத்து ஆபத்து. "கவலப்படாதீங்க சார், இனி அசையாது" என்று மெக்கானிக் தம்பி ஆலன் கீயை முழு பலத்தோடு முறுக்கினார். தடுத்தேன். பாலிகார்பனேட் ஷீட்டை அப்படி இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். திருகு கழலாமலிருக்கப் போடும் பசை திரவம் பட்டாலும் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ரப்பர் வாசர் லேசாகப் பிதுங்கினால் போதும். புஷ் இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெய் தடவுவதும் கூடாது. ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

நீங்களும் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர் என்றால், மாட்டியபின் முன்னால் போய் நின்றுகொண்டு இரண்டு ஓரத்தையும் பிடித்து மேலே தூக்குங்கள். பைக்கின் முன்பக்கம் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து எழும்பவேண்டும். கண்ணாடி மட்டும் கையோடு வந்தால் நல்லது, நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஏதாவது கேபிள் இழுபடுகிறதா, விளிம்பு டேங்கில் உரசுகிறதா என்று பாருங்கள். முதல் டீக்கு நிறுத்தும்போது மறுபடி ஒரு தடவை தூக்குங்கள். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அடுத்த முறை போனபோது அதே டீக்கடையில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னோம். "வலது பக்கமும் டக்குனு கேட்டுச்சும்மா, ரெண்டு பேருமே கேட்டோம்" என்று நண்பன் சத்தியம் செய்தான்.

அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அது நான் பாய்லர மூடினது சார்" என்றார்.