புளி படாத காசு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் தூக்கும் கண்ணை இழுக்கும். நான் போவது கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டில் கிடக்கும் காசுகளுக்காக. போன முறை ஏழாம் எட்வர்டு தலை போட்ட ரூபாய் இரண்டு இருந்தன. இரண்டும் 1907. ஒன்று துலக்கிய குத்துவிளக்குபோல் மின்னியது. மற்றது கறுத்து, ஓரத்தில் மட்டும் நீலமும் ஊதாவும் ஓடிக் கிடந்தது. கறுத்ததை எடுத்தேன்.

“தேச்சுத் தரட்டுமாண்ணே? பத்து நிமிசத்துல பளிச்சுன்னு ஆயிரும்.”

“வேணாம்ப்பா, தொடாதே. அப்படியே குடு.”

அந்த ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. காற்றிலும் துணியிலும் காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய ஏடாகப் படிகிறது. ஏடு மெலிந்திருக்கையில் வைக்கோல் மஞ்சள். தடிக்கத் தடிக்கப் பொன், செம்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதே ஒளி விளையாட்டு. சுருக்குப்பைக்குள் பல ஆண்டு கிடந்தால்தான் இந்த நிறம் ஒழுங்காக ஏறும். அவசரமாகக் கந்தகப் புகை காட்டி ஏற்றிய நிறம் திட்டுத் திட்டாகக் கத்தும். பழகிய கண்ணுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அந்த நிறத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. தங்கசாலையில் அச்சு இறங்கும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்லும். புழங்காத காசை விளக்கடியில் சாய்த்தால் ஒளி சக்கரம்போல் சுற்றுவது அந்த வரிகளால்தான். ஒருமுறை தேய்த்தால் வரிகள் மழுங்கும், சக்கரம் நின்றுவிடும். பிறகு வருவது பாத்திரத்தின் பளபளப்பு, காசினுடையது அல்ல. எங்கள் ஊர் ஆத்தங்குடித் தரைக்கல் நடக்க நடக்க மெருகேறும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைக்குக் காசு விஷயத்தில் சும்மா இருப்பது கடினம்தான்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வளவில் புளியும் செங்கல் பொடியும் கொண்டு பித்தளை அத்தனையும் துலக்குவார்கள். பத்து வயதில் நானும் உட்கார்ந்து, அப்பத்தா கொடுத்த புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. தொண்டைமான் சமஸ்தானத்தின் சின்னஞ்சிறு செப்புக் காசு. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்தது. கரும்பழுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் இருந்த காசு பச்சை இறைச்சியின் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மனின் முகம் போயிற்று. இன்றும் அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. அது கேட்டு வளர்ந்த வீடுகளில் களிம்பு என்றாலே களைய வேண்டியதுதான். ஆனால் வீட்டில் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். செம்பின் மேல் வழவழப்பாக ஒட்டிய பழுப்பு ஏடு அடியில் உள்ளதைக் காக்கிறது. அம்மனின் மூக்கும் வளையலும் அந்த ஏட்டில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் முதலில் கரைப்பது அதைத்தான். வெளிர்ப்பச்சையாக மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் மீண்டும் வருவது வேறு. உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும் நோய் அது. அதை விட்டுவைத்தால் காசே மிஞ்சாது.

அழுக்கு என்றோ சேதம் என்றோ நாம் நினைக்கும் சிலவற்றில் கதை இருக்கிறது. பினாங்கிலிருந்து பெட்டியில் வந்த வெள்ளி டாலரில் சீன வணிகர்கள் தரம் பார்த்துக் குத்திய முத்திரைகள் இருக்கும். அந்த டாலர்களில் பல பம்பாய்த் தங்கசாலையில் அடித்தவை என்பது பலருக்குத் தெரியாது. முத்திரைக் குழிகளில் தங்கிய கறுப்புத்தான் எழுத்தைக் காட்டுகிறது. துலக்கினால் குழி மட்டும் மிஞ்சும். 1898இல் புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. அந்த வெட்டுகளைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் எழுதுகிறார்கள்.

அப்படியானால் எப்போதுமே தொடக்கூடாதா? தொடலாம். மண்ணுக்கடியிலும் ஆற்றுமணலிலும் கிடந்து கெட்டிப் படிவு ஏறிய சங்ககாலச் செப்புக் காசைச் சுத்தம் செய்யாமல் படிக்கவே முடியாது. பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைத் தமிழ் பிராமியில் தாங்கிய காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் உலகுக்குக் காட்டினார். எழுத்து தெரிந்தால்தானே அது பெருவழுதியின் காசு! மென்மையான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்துப் பிசுபிசுவென்று பச்சை பிடித்த காசையும் காப்பாற்றியாக வேண்டும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் பிசுக்கு கரையும், உலோகத்துக்குக் கேடில்லை. அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெறும் மண்ணும் தூசியும் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் சில நாள் ஊறட்டும். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உதிரும் பச்சை நோய்க்கு வீட்டு வைத்தியம் கூடாது. அது பாதுகாப்பு வேதியியல் படித்தவரின் வேலை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதற்கென்றே 1930 முதல் ஓர் ஆய்வகம் இயங்குகிறது.

காசின் மேல் ஒட்டியிருப்பதை எடுக்கலாம், காசாகவே ஆகிவிட்டதை எடுக்கக்கூடாது என்பது என் முடிவு. ஐயம் வந்தால் எடுக்காதிருப்பதே சரி. இன்று விட்டதை நாளை எடுத்துக்கொள்ளலாம். தேய்த்ததை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது.

பாகப் பிரிவினைக்காகவோ வீடு ஒதுக்கவோ இரும்புப் பெட்டியைத் திறப்பீர்கள். அடியில் ஒரு சுருக்குப்பை கிடக்கும். இலங்கையின் 1870ஆம் ஆண்டுத் தாளிப்பனைச் சல்லி இருக்கலாம், மாண்டலேயின் மயில் ரூபாய் இருக்கலாம், காலணா மட்டுமே இருக்கலாம். விளிம்பைப் பிடித்து எடுத்து, காலை வெயிலில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, வந்த பெட்டியின் பெயரை உறையில் எழுதி வையுங்கள். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.