வந்த வழி தெரியாத சராசரி

2023 அக்டோபர் முதல் வாரத்தில் கத்தாலின் கரிகோவுக்கு மருத்துவ நோபல், மறுநாளே ஃபெரென்ஸ் க்ரவுஸுக்கு இயற்பியல் நோபல். இருவரும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். அன்றிலிருந்து ஒரு பழைய பழக்கம் திரும்பவும் தலைதூக்கியிருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வம்சாவளி அட்டவணையை எடுத்துக்கொள்கிறார்கள். 'ஹங்கேரியர்' என்ற வரியை ஜெர்மானியர், ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் வரிகளோடு சேர்த்துவைத்து வருமானம், பட்டப்படிப்பு, வேலை என்று ஒப்பிடுகிறார்கள். ஹங்கேரிய வரி நாட்டுச் சராசரிக்கு மேலே நிற்கிறது. உடனே அந்தச் சமூகத்தின் குடும்ப வளர்ப்பு, கணிதப் பள்ளிக்கூடங்கள், வேறெந்த அண்டை மொழியோடும் ஒட்டாத அவர்களுடைய மொழி என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. சிலர் ரத்தம் வரைக்கும் போய்விடுகிறார்கள்.

மக்கள்தொகையியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேன். "எண்ணைக் குறை சொல்லாதீர்கள். எண் சரியாகத்தான் இருக்கிறது, அதற்கு அவர்கள் சொல்லும் கதைதான் தப்பு" என்றார். பலரும் சொல்கிற சமாதானம் இது. நான் இதை ஏற்கவில்லை. கதைக்கு முன்பே, அந்த எண்ணிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் நெடுநாள் கருத்து.

ஒப்பீட்டால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'வெள்ளையர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்ததை அவிழ்த்துக் காட்டியது இந்த வம்சாவளிக் கணக்குதான். 1980 கணக்கெடுப்பை வைத்து ஸ்டான்லி லீபர்சனும் மேரி வாட்டர்ஸும் 1988இல் எழுதிய நூல், தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டதைக் கணக்கோடு காட்டியது. எண்ணாமல் பாகுபாட்டை அளக்கவும் முடியாது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதே ஒப்பீடு நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மக்களைப் பற்றி என்ன சொன்னது? 1907இல் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் குழு, 1911இல் 41 தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. மாஜார்களுக்கு, அதாவது ஹங்கேரிய மொழி பேசுபவர்களுக்கு, அதில் தனி வரி உண்டு. வாரக் கூலி எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரியுமா, ஆங்கிலம் வருமா என்று இனவாரியாகக் கேட்டு அட்டவணை போட்டார்கள். வடமேற்கு ஐரோப்பாவிலிருந்து முன்பு வந்த 'பழைய' குடியேறிகளோடு ஒப்பிட்டால், தெற்கிலும் கிழக்கிலும் இருந்து வரும் 'புதிய' ஆட்கள் தரம் குறைந்தவர்கள் என்பது முடிவு. இரண்டு தலைமுறையாக அங்கே வேரூன்றியவர்களையும் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவர்களையும் ஒரே தராசில் நிறுத்துகிறீர்களே என்று பொருளாதார அறிஞர் ஐசக் ஹூர்விச் 1912லேயே கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1924 குடியேற்றச் சட்டம் வந்தது. ஹங்கேரியிலிருந்து ஆண்டுக்கு 473 பேர் வந்தால் போதும் என்று கதவைச் சாத்தினார்கள்.

அன்று தாழ்த்திய அட்டவணை இன்று உயர்த்துகிறது. இந்த இடைவெளியில் ஹங்கேரியரின் ரத்தமோ மொழியோ மாறிவிடவில்லை. அந்த வரிக்குள் அடங்கிய ஆட்கள் மாறிப்போனார்கள். அது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தவர்கள் நிலமில்லாத கிராமத்து ஆட்கள். 1880களிலிருந்து 1914 வரை லட்சக்கணக்கில் வந்தார்கள். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், கிளீவ்லாந்து, டொலிடோ நகரங்களின் வார்ப்பாலைகளுக்கும் போனார்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி நிலம் வாங்குவதுதான் அவர்களுடைய எண்ணம். பெரும் பகுதியினர் திரும்பியும் போனார்கள். 1907 டிசம்பர் 19 அன்று ஜேக்கப்ஸ் கிரீக் அருகே டார் சுரங்கம் வெடித்து 239 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். 71 உடல்களை ஒரே குழியில் புதைத்தார்கள். அவற்றில் பல யாருடையவை என்றே அடையாளம் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் அந்த ஆட்களை 'ஹங்கி' என்று கூப்பிட்டார்கள். ஹங்கேரியரா, ஸ்லோவாக்கியரா, ருசினியரா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்றைய ஹங்கேரி முடியாட்சியில் 1910 கணக்குப்படி ஹங்கேரிய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஓவியர் ஆண்டி வாரோலின் பெற்றோர் அந்த முடியாட்சிக்கு உட்பட்ட மிக்கோவா கிராமத்து ருசினியர்கள். 1920 ஜூன் 4 டிரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிராமம் வேறு நாட்டில் இருந்தது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மனின் பெற்றோர் பிறந்த பெரெக்சாஸ் ஊர், ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, மறுபடி ஹங்கேரி, சோவியத் ஒன்றியம், உக்ரைன் என்று ஒரு நூற்றாண்டுக்குள் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒருவருடைய பேரன் படிவத்தில் எந்த நாட்டை எழுதுவான்? 'யூதர்' என்று எழுதினால் அது மதம் என்று சொல்லிக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் பட்டியலில் சேர்க்காது. ஆகவே அந்தக் குடும்பத்தின் சம்பளமும் பட்டமும் ஏதோ ஒரு நாட்டின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

அடுத்து வந்தவர்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. ஹங்கேரிய மேதைமை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர்கள் ஜான் வான் நியூமன், யூஜின் விக்னர், லியோ சிலார்ட், எட்வர்ட் டெல்லர். நால்வரும் புடாபெஸ்ட் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1919இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மறுபடி சேரப் போன சிலார்டையும் அவருடைய தம்பியையும் வாசல் படிக்கட்டிலேயே மாணவர் கூட்டம் அடித்து விரட்டியது. யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். மறு ஆண்டே, 1920இல், அதைச் சட்டமாக்கினார்கள். பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் 'இனத்துக்கும்' மக்கள்தொகையில் அதன் பங்குக்கு ஏற்பத்தான் இடம் என்றது அந்தச் சட்டம். யூதர்கள் ஏறக்குறைய 6 சதவீதம். நீ வேறு இனம் என்று அரசே சட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. படிக்க வழி தேடி அந்தத் தலைமுறை ஜெர்மனிக்குப் போனது. அங்கேயும் வாழ முடியாமல் போனதும் அமெரிக்காவுக்குப் போனது.

போகாதவர்களுக்கு என்ன ஆனது என்பது உலகத்துக்குத் தெரியும். 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டு வாரத்தில், சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் யூதர்களை ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றினார்கள். பெரும்பாலோரை ஆஷ்விட்ஸுக்குத்தான் அனுப்பினார்கள். ஹங்கேரிய கெண்டார்மேரிப் படைதான் ஊர் ஊராக அவர்களைத் திரட்டிக் கொடுத்தது. உயிரோடு தப்பிப் போனவர்களின் சம்பளம் இன்று 'ஹங்கேரிய வம்சாவளி'யின் சாதனையாகக் கூட்டப்படுகிறது. ரயிலேற்றப்பட்டவர்கள் எந்தச் சராசரியிலும் இல்லை. நீ ஹங்கேரியன் அல்ல என்று விரட்டப்பட்டவனின் வெற்றியை ஹங்கேரியப் பண்பாட்டுக்குச் சான்றாகக் காட்டுவது வெறும் கணக்குப் பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

மூன்றாவது 1956. சோவியத் டாங்கிகள் புரட்சியை நசுக்கியதும் சுமார் 2 லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், மாணவர்களும் தொழில் தெரிந்தவர்களும் அவர்களிடையே நிறைய. அமெரிக்கா சுமார் 38 ஆயிரம் பேரையும் கனடா சுமார் 37 ஆயிரம் பேரையும் எடுத்துக்கொண்டன. நியூ ஜெர்சியின் கில்மர் ராணுவ முகாமில் இறக்கிப் பதிந்துகொண்டு, வேலைக்கும் கல்லூரிக்கும் ஆள் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள். சோப்ரோன் வனவியல் கல்லூரியிலிருந்து சுமார் 200 மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களோடு அப்படியே வான்கூவருக்குப் பெயர்ந்து, அங்கே ஹங்கேரிய மொழியிலேயே படிப்பை முடித்தார்கள். பின்னாளில் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் அந்த அலையில் வந்த 20 வயதுப் பையன். டார் சுரங்கத்து ஆட்களுக்கு இப்படி யாராவது முகாமில் மேசை போட்டு உட்கார்ந்து கல்லூரி தேடிக் கொடுத்தார்களா?

கரிகோ இந்த மூன்றிலும் சேராதவர். கசாப்புக்காரரின் மகள், சேகெட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1985இல் கணவரோடும், கைக்குழந்தை வயதைத் தாண்டிய மகளோடும், காரை விற்ற பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு பிலடெல்பியாவுக்கு வந்தார். ஆராய்ச்சி வேலை முன்பே கையில் இருந்தது. அந்த வேலை கிடைத்திருக்காவிட்டால் அமெரிக்க அட்டவணையில் அவர் இருந்திருக்கவே மாட்டார்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2011இல் கனடாவில் அகதி விண்ணப்பம் மிக அதிகமாகக் கொடுத்தது ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரோமா மக்கள். ஊரில் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டுக் கிளம்பியவர்கள். அடுத்த ஆண்டே கனடா ஹங்கேரியைப் 'பாதுகாப்பான நாடுகள்' பட்டியலில் போட்டு அவர்கள் வழியை நெருக்கியது. ஹங்கேரிய வெற்றியைப் பாடும் கட்டுரைகளில் இவர்களை நான் பார்த்ததே இல்லை.

கூலிக்காரன், விரட்டப்பட்ட விஞ்ஞானி, புரட்சி மாணவன், அழைத்து வரப்பட்ட ஆய்வாளர் எல்லோரையும் கூட்டி வகுத்தால் கிடைக்கிற எண், இவர்களில் ஒருவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. எந்த ஆண்டு எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதன் தடம்தான் அந்த எண். ஐரிஷ் வரிக்கும் இத்தாலிய வரிக்கும் கதவுகளே வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பண்பாட்டை அளந்தோம் என்று சொன்னால், நண்பர் சொல்வது போல அதைக் கதையின் தவறு என்று தள்ளிவிட முடியுமா? கூட்டியபோதே தவறு நடந்துவிட்டது.

யார் அந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பதும் உறுதியில்லை. 1980இல் வம்சாவளிக் கேள்வி முதன்முதலாக வந்தபோது, படிவத்தில் கேள்விக்குக் கீழே சில உதாரணங்களை அச்சிட்டிருந்தார்கள். அகரவரிசையில் ஹோண்டுரன், அடுத்து ஹங்கேரியன், அடுத்து ஐரிஷ். அந்த ஆண்டு ஹங்கேரியர் என்று எழுதியவர்கள் சுமார் 17.8 லட்சம். 1990 படிவத்தின் உதாரணங்களில் ஹங்கேரியன் இல்லை, எண்ணிக்கை 15.8 லட்சமானது. 2000இல் ஏறத்தாழ 14 லட்சம். வயதானவர்கள் இறந்ததும் இதில் சேரும். ஆனால் 1990இல் புதிதாக உதாரணத்தில் ஏறிய குரோவேஷியர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியதையும், உதாரணத்திலிருந்து நீங்கிய ஆங்கிலேயர் 4.96 கோடியிலிருந்து 3.27 கோடியாகச் சரிந்ததையும் எப்படி விளக்குவது? பத்தே ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாட்டன் மாறிவிட்டானா?

நாலு பாட்டன் பாட்டிகளில் ஒருவர் மட்டும் ஹங்கேரியராக இருக்கும் ஒருவர், எந்த நாளில் அதை நினைத்து எழுதுகிறார்? நோபல் செய்தி வந்த வாரத்திலா, பாட்டி சமைத்த குல்யாஷ் நினைவுக்கு வந்த நாளிலா? எந்தப் பெயர் பெருமை தருகிறதோ அந்தப் பெயரைப் படித்தவர்கள் எடுத்துக்கொள்ள முடியும், வேண்டாதபோது விட்டுவிடவும் முடியும். மெக்சிகோ வம்சாவளியினர் பற்றி பிரையன் டங்கனும் ஸ்டீபன் டிரெஹோவும் செய்த ஆய்வுகளில், கலப்பு மணம் செய்து அந்த அடையாளத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் படிப்பில் முன்னே நிற்பது தெரிந்தது. அங்கே விட்டுப் போவதால் சராசரி தாழ்கிறது. ஹங்கேரியர் விஷயத்தில் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அட்டவணையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றைத்தான் ஒரு சமூகத்தின் குணம் என்று அச்சிடுகிறார்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஒரே பத்தாண்டில், ஒரே வயதில், ஒரே அளவு படிப்போடு வந்த ஹங்கேரியரையும் போலந்துக்காரரையும் எடுத்து, அவர்கள் பிள்ளைகள் வரை பின்தொடர வேண்டும். பொருளாதார ஆய்வாளர்கள் ரான் அப்ராமிட்ஸ்கியும் லியா பூஸ்தானும் பழைய கணக்கெடுப்புத் தாள்களில் ஆள் ஆளாகத் தேடி இணைத்து அப்படித்தான் செய்தார்கள். அந்த வேலைக்கு அடிப்படை, ஒருவருடைய தகப்பனும் தாயும் எங்கே பிறந்தார்கள் என்ற தகவல். அமெரிக்கக் கணக்கெடுப்பு 1880 முதல் 1970 வரை அதைக் கேட்டுவந்தது. 1980இல் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில்தான் வம்சாவளிக் கட்டத்தை வைத்தார்கள். 1994 முதல் மாதந்தோறும் எடுக்கும் சிறிய கணக்கெடுப்பு ஒன்றில் அது மறுபடி இருக்கிறது. ஆனால் ஹங்கேரியர் போன்ற சிறு கூட்டத்தைப் பிரித்துப் பார்க்க அதன் மாதிரி போதாது. பெரிய கணக்கெடுப்புப் படிவத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் திரும்பி வரவில்லை.