விடுதலை மடலில் ஒரு விலங்கு

கல்லூரியில் பயின்ற நாளில், ஜான் லாக் எழுதிய ‘சகிப்புத்தன்மை பற்றிய கடிதம்’ குறித்துத் தேர்வில் வினா வந்தது. சமயச் சுதந்திரத்தின் தந்தை லாக் என்று எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். நூலையோ கண்ணாலும் கண்டதில்லை! ஆசிரியர் தந்த குறிப்பே போதும் என்று இருந்துவிட்டோம். இன்று வரலாறு கற்பிக்கும் பணியில் அமர்ந்தபின், அந்தச் சிறு நூலை முதல் வரி தொட்டு இறுதி வரி வரை படித்தோம். பாராட்டத்தக்க நூல்தான், ஐயமில்லை. ஆனால் குறிப்பேடு நமக்குக் காட்டாத ஒரு பத்தி அதில் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

கடிதம் பிறந்த காலம் கொடிய காலம். 1685 அக்டோபரில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமை தந்திருந்த பழைய ஆணையை ரத்துச் செய்தான். அதற்கு முன்பே அவர்தம் இல்லங்களில் குதிரைப்படை வீரரைக் குடியேற்றி, சமயம் மாறும்வரை வதைத்தனர். ஆலயங்கள் இடிந்தன; பல்லாயிரவர் நாடு துறந்து ஓடினர். இத்தனையும் எதன் பெயரால்? அன்பே உருவான ஏசுவின் பெயரால்! வேற்றுச் சமயத்தார் வந்து செய்த கொடுமையன்று இது. கிறிஸ்தவன் கிறிஸ்தவனுக்கு இழைத்த கொடுமை. இங்கிலாந்தின் ஆட்சிக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்த லாக், அந்தக் குளிர்காலத்தில் இலத்தீனில் இக்கடிதத்தைத் தீட்டினார். 1689இல் ஹாலந்தின் கௌடா நகரில் அது அச்சேறிற்று. அதே ஆண்டில் வில்லியம் பாப்பிள் அதனை ஆங்கிலமாக்கினார்.

லாக்கின் வாதம் எளிது, வலிது. அரசன் கையில் இருப்பது வாள். வாள் உடலை வெட்டும், உடைமையைப் பறிக்கும். உள்ளத்தில் ஒரு நம்பிக்கையை நட்டுவைக்க அதனால் ஆகாது. நம்பாதவனை மண்டியிடச் செய்தால் கிடைப்பவன் நயவஞ்சகன், பக்தன் அல்லன். அரசனே ஆன்மாவுக்குக் காவலன் என்றால், ஒவ்வொரு நாட்டரசனும் தன் சமயமே மெய் என்பான். பிறந்த ஊர்தான் ஒருவனுக்கு மோட்சமா நரகமா என்பதைத் தீர்மானிக்கும்! சபை ஒருவனை விலக்கலாம். விலக்கப்பட்டவனின் வீட்டையோ நிலத்தையோ தொடச் சபைக்கு உரிமையில்லை. யூதனையும் முகம்மதியனையும் அவர்தம் சமயம் காரணமாகக் குடியுரிமையிலிருந்து நீக்கலாகாது என்றும் கூறுகிறார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். லாக் நாத்திகரல்லர், ஆழ்ந்த கிறிஸ்தவர். மோட்சத்துக்கு மெய்வழி ஒன்றே என்பதில் அவருக்கு மறுப்பில்லை. ஆயினும் அந்த ஒரே வழியைக் காட்டும் வேலை அரசாங்கத்தினுடையதன்று என்றார். ‘என் கடவுளே கடவுள்’ என ஒருவன் நம்புவது அவன் நெஞ்சின் பாடு. அந்நம்பிக்கை அலுவலக வாயிலில் காவற்காரனாக வந்து நின்று, உள்ளே வருபவனின் வேதத்தைச் சோதிக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. இவ்வளவு தெளிவாக இதனைக் கண்டவர்கள் அந்நாளில் மிகச் சிலரே.

அப்படிப்பட்டவர்தாம், கடிதத்தின் பிற்பகுதியில் திடீரென வாயிலை அடைக்கிறார்! அயல்நாட்டு அதிபதிக்கு அடிபணிந்த சபையினரை ஏற்க இயலாது என்கிறார். பெயர் சொல்லாவிடினும், போப்பாண்டவருக்கு அடங்கிய கத்தோலிக்கர் மீதே குறி என்று அன்று பலரும் கொண்டனர். அதற்கு அரசியல் காரணமாவது கூறலாம். அடுத்த விலக்கு? கடவுளை மறுப்போருக்குச் சகிப்பே இல்லை! வாக்குறுதி, ஒப்பந்தம், ஆணை என்னும் சமுதாயக் கட்டுகள் நாத்திகனைக் கட்டா. கடவுளை நினைப்பளவில் நீக்கினாலும் எல்லாம் கரைந்துபோகும் என்பது அவர் கூற்று.

நமக்குச் சினம் வருகிறது. இருக்கட்டும், சினத்தை ஒதுக்கிவைத்து வாதத்தை மட்டும் பார்ப்போம். நம்பிக்கையை வாளால் உண்டாக்க முடியாது என்றவர், நம்பிக்கை இல்லாமைக்காக ஒருவனைத் தண்டிப்பது எவ்வாறு? எச்செயலால் அயலானுக்குத் தீங்கு வரும் என்பதே அரசின் கேள்வியாகவேண்டும் என்று பல பக்கங்கள் எழுதியவர், இங்கு மட்டும் செயலை விட்டு நினைப்பைத் தண்டிக்கிறார். கடவுளுக்கு அஞ்சிச் சத்தியம் செய்த மன்னர்கள் உடைத்த உடன்படிக்கைகளுக்கு ஐரோப்பாவில் கணக்குண்டா? லூயி ரத்துச் செய்த ஆணையே, அவன் பாட்டன் என்றென்றைக்கும் எனத் தந்த வாக்கு அன்றோ!

“அக்காலத்து மனிதர், அவ்வளவுதான் எண்ண முடியும்” என்று அறிஞர் சிலர் லாக்குக்காக வாதாடுவர். ஒப்புவதற்கில்லை. அதே ஹாலந்து நாட்டில், ராட்டர்டாம் நகரில், பியேர் பேயில் என்னும் அகதி அப்போது வாழ்ந்தார். வால்மீன் பற்றி 1682இல் வெளிவந்த தம் நூலில், நாத்திகர் மட்டுமே கொண்ட சமுதாயமும் ஒழுக்கத்தோடு வாழ முடியும் என்று அவர் எடுத்துரைத்தார். மனிதன் கொள்கைப்படி நடப்பதில்லை, பழக்கத்துக்கும் புகழாசைக்கும் ஏற்ப நடக்கிறான் என்பது பேயிலின் காரணம். அக்காலமே அவ்வாறும் எண்ணிற்று!

ஒரு பத்திதானே, போகட்டும் எனலாமா? அந்தப் பத்தியின் எண்ணம் இங்கிலாந்தின் சட்டத்தில் இரு நூற்றாண்டு குடியிருந்தது. பொதுப் பதவி ஏற்போர் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறவேண்டும் என்ற 1673ஆம் ஆண்டுச் சோதனைச் சட்டம் 1828இல் நீங்கிற்று. 1829இல் கத்தோலிக்கர் பாராளுமன்றம் புகுந்தனர். 1847இல் தேர்தலில் வென்ற யூதரான ரோத்ஷில்ட், 1858இல்தான் இடம் பெற்றார். ஒவ்வொருவராக உள்ளே வந்தனர். வெளியே எஞ்சியவன் நாத்திகன்.

1880இல் நார்தாம்ப்டன் நகரத்து வாக்காளர்கள் சார்லஸ் பிராட்லாவைத் தேர்ந்தெடுத்தனர். ஊரறிந்த நாத்திகர். ஆணைக்குப் பதில் உறுதிமொழி தருகிறேன் என்றார், மறுத்தனர். அப்படியானால் ஆணையையே எடுக்கிறேன் என்றார். உனக்குக் கடவுள் இல்லையே, ஆணை எங்ஙனம் என்று அதையும் மறுத்தனர்! ஆணையின் சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்று அவரே பகிரங்கமாக எழுதியது எதிரிகளுக்கு வசதியாயிற்று. அங்கே அவர் சற்றுப் பொறுத்திருக்கலாம் என்பது நம் எண்ணம். வெளியேற மறுத்ததால் மணிக்கூண்டுச் சிறையில் ஓரிரவு வைத்தனர். 1881 ஆகஸ்டில் காவலர்கள் அவரைச் சட்டை கிழிய இழுத்து வெளியே தள்ளினர். இடம் பறிபோகப் பறிபோக, நார்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். மொத்தம் ஐந்து வெற்றிகள்.

லாக்கின் தர்க்கம் இங்கேதான் தலைகீழாய் விழுகிறது. பிராட்லா பொய்யராயிருந்தால், முதல் நாளே வேதத்தை முத்தமிட்டு இருக்கையில் அமர்ந்திருப்பார்! எவரும் தடுத்திரார். ஆணை என்னும் சல்லடை பொய்யனை உள்ளே விட்டு, உண்மை சொன்னவனை வெளியே நிறுத்திற்று. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ‘சுதந்திரம்’ பற்றிய நூலில் நீதிமன்றச் சாட்சிகளைக் குறித்து இதையே சுட்டிக்காட்டியிருந்தார். 1868இல் பிராட்லாவின் தேர்தலுக்கு மில் பத்துப் பவுன் நன்கொடை தந்தார். தம் சொந்தத் தோல்விக்கு அது ஒரு காரணமாயிற்று என்பர்.

ஆனால் கிறிஸ்தவர் அனைவரும் எதிரணியில் நின்றனர் என்று எழுதினால் அது பொய்யாகும். பிரதமர் கிளாட்ஸ்டன் பழுத்த பக்தர். பிராட்லாவின் கொள்கையை வெறுத்தவர். அவர்தாம் 1883 ஏப்ரலில் உறுதிமொழி மசோதாவுக்காக மன்றத்தில் எழுந்து வாதாடினார். ஏதோ ஒரு கடவுளை ஒப்புபவன் எவனாயினும் உள்ளே வரலாம் என்று முன்பே விட்டுவிட்டீர்கள். மாந்தர் செயலைத் திரும்பியும் பாராத கடவுளை ஒப்புபவனுக்கும் இடமுண்டு. இதனால் கிறிஸ்தவத்துக்கு என்ன காப்பு என்று கேட்டார். விடையில்லை. வாக்கெடுப்பில் மட்டும் 292க்கு 289 என மூன்று வாக்கில் மசோதா தோற்றது. 1886இல் புதிய அவைத்தலைவர் குறுக்கிட மறுத்ததால் பிராட்லா ஆணையெடுத்து அமர்ந்தார். 1888இல் அவரே கொண்டுவந்த சட்டத்தால் உறுதிமொழி உரிமை எல்லார்க்கும் கிட்டிற்று. தம்மை விலக்கிய தீர்மானத்தை 1891 ஜனவரி 27இல் மன்றம் அழித்தது. மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்தவருக்கு அச்செய்தி எட்டவில்லை. மூன்றாம் நாள் மறைந்தார்.

அவர் கிளப்பிய அலை நம் கரையையும் தொட்டது. 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவவிவேசினி’ என்னும் தமிழ் வார இதழை நடத்திய பகுத்தறிவாளர்கள் அவர் வழியினரே.

நம் தோழர் சிலரிடம் ஒரு சொல். தெருமுனையில் கிறிஸ்தவப் போதகர் நின்று, “ஏசுவை ஏற்காதார் நரகம் புகுவர்” என முழங்கினால், தடைசெய் என்று கூவுவோர் உண்டு. கூவலாகாது! லாக் செய்த பிழையை மறுபுறம் நின்று நாமும் செய்வதாகும் அது. அவர் முழங்கட்டும், அடுத்த தெருவில் நாம் மேடை போடுவோம். பள்ளிச் சேர்க்கையிலும் பத்திரப் பதிவிலும் அந்த நரகத்தைக் கொண்டுவந்து வைத்தால் மட்டுமே நமக்கு வழக்கு.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில், கடவுள் பெயரால் ஆணை, உளமார்ந்த உறுதி என இரு வாசகங்கள் அருகருகே அச்சிடப்பட்டுள்ளன, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். 1967 மார்ச்சில் அண்ணாவும் அவர்தம் அமைச்சர்களும் இரண்டாவதைத் தேர்ந்து பதவியேற்றனர். காவலர் எவரும் வந்து அவர்தம் சட்டையைப் பிடிக்கவில்லை.