காஞ்சியிலிருந்து வந்த மூவர்

கெங்கவல்லிக்கு அருகே பச்சைமலை, சற்று மேற்கே கொல்லிமலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வம்சக் கதை அத்தனை கச்சிதம்: காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையேறினார், நடுவில் பிறந்தவர் பச்சைமலை, இளையவர் கொல்லிமலை. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், அமெரிக்காவில் குடியேறிய பல குடும்பங்களும் ‘மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள்’ என்றே சொல்கின்றன! அங்கே வம்சம் தேடுவோர் அதை அப்படியே நம்புவதில்லை. உயில், தேவாலயப் பதிவு, நிலப் பத்திரம் என்று துருவுகிறார்கள்.

மலையில் அந்த வேலையை நினைவே செய்கிறது.

பெண் கேட்டுப் போகும்போது பெரியவர்கள் முதலில் பார்ப்பது பங்காளியா, மாமன் மச்சானா என்பதைத்தான். பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக உறவுமுறையைப் பிழையில்லாமல் வைத்திருக்கும் இந்த வாய்மொழிக் கலை, எந்த ஆவணக் காப்பகத்துக்கும் குறைந்ததல்ல.