கரண்டியின் கடைமடை

திருக்கடையூர் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. தலைமடை வயலில் ஒரு நெல் ரகத்தையும் கடைமடை வயலில் இன்னொன்றையும் நட்டு, விளைச்சலை வைத்து எது உயர்ந்தது என்று முடிவு கட்டினால் இப்பக்கத்து விவசாயி ஏற்கமாட்டார். வித்தியாசம் விதையால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்று கேட்பார். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், இதே ஐயத்துக்கு விடையாகத்தான் புள்ளியியல் சோதனை வடிவமைப்பை வளர்த்தெடுத்தார். ஒத்த நிலங்களைத் தொகுதியாக்குவது, எந்தப் பாத்தியில் எந்த விதை என்பதைக் குலுக்கிப் போடுவது, சோதனையைத் திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் அதன் கால்கள். உலோக வார்ப்புக்கு வந்து இம்முறை பெரும்பயன் தருகிறது. ஆனால் குறைந்த சோதனைகளில் விடை காணும் சிக்கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கால்களை விட்டுவிட்டால் அது நம்மை ஏமாற்றும் என்பதே என் வாதம்.

பயனை முதலில் சொல்வதே நியாயம். ஈரமணல் அச்சில் மணலின் ஈரம், பென்டோனைட் களிமண்ணின் அளவு, அச்சை இறுக்கும் அழுத்தம், உலோகத்தை ஊற்றும் வெப்பநிலை ஆகிய நான்கும் வார்ப்பில் காற்றுத்துளை விழுவதைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. ஒவ்வொன்றையும் 3 நிலைகளில் பார்த்தால் 81 சேர்க்கைகள் வரும். சி. ஆர். ராவ் 1940களில் வகுத்த செங்குத்து அணி என்னும் அட்டவணையைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுசென்றவர், 1950களில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்துபோன ஜப்பானியர் ஜெனிச்சி டகுச்சி. அந்த அணியின்படி 9 சேர்க்கைகளே போதும். பம்புசெட் உறுப்பு வார்க்கும் கோவையின் சிறு பட்டறைக்கும் எட்டும் எண் இது.

குறையும் இந்தச் சிக்கனத்துக்குள்ளேயே இருக்கிறது. களிமண் கூடினால் அது கூடுதல் நீரைக் கேட்கும். இப்படி இரண்டும் சேர்ந்து செய்யும் விளைவைத் தனியே காண, நான்கு காரணிகளால் நிரம்பிவிட்ட அணியில் இடமில்லை. அது வேறொரு காரணியின் பேரில் கணக்கேறிவிடும். டகுச்சி முறையில் ஜார்ஜ் பாக்ஸ் போன்ற புள்ளியியலாளர்கள் குறைகண்டதற்கு இதுவும் ஒரு காரணம். குலுக்கலை விட்டால் இன்னொரு பிழை நேரும். ஒரே கரண்டியிலிருந்து வரிசையாக ஊற்றும்போது உலோகம் அச்சுக்கு அச்சு ஆறிக்கொண்டே போகிறது. முதல் அச்சு தலைமடை, கடைசி அச்சு கடைமடை. அட்டவணை வரிசையிலேயே ஊற்றினால் உலோகம் ஆறியதன் பழி மணலின் மேல் விழும்.

ஆர்டர் நெருக்கும் பட்டறையில் திரும்ப ஊற்ற நேரமேது என்பார்கள். ஆனால் டகுச்சியே முடிவில் ஓர் உறுதிப்படுத்தும் சோதனையைக் கேட்டார். வேறொரு நாளில் ஐந்தாறு அச்சு ஊற்றும் செலவு, ஒரு லோடு வார்ப்பு திரும்பி வரும் நட்டத்தைவிடச் சிறிது. சுவாமிமலைச் சிற்பிகளிடமிருந்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது. மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி வார்க்கும் திருமேனி ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அச்சை உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். அங்கே கைப்பழக்கத்துக்கு மேல் எண்கள் எதற்கு? திருமேனியில் சோதனை வேண்டாம். மண் கலவையைச் சிறு வார்ப்புத் துண்டுகளில் சோதிக்கலாம். எவற்றைச் சோதிப்பது, எது எதை இழுக்கும் என்பதை அணி சொல்லாது. மண் பிசைந்த கைதான் சொல்லும். அந்தக் கையிடம் முதலில் கேட்கவும், கிடைத்த விடையை இன்னொரு நாள் ஊற்றிச் சரிபார்க்கவும் நாள் ஒதுக்காத பட்டறை, அந்த 9 வார்ப்புகளையும் தொடங்காமல் இருப்பதே நல்லது.