முகமூடியா, முகமா? - ஹென்றி இர்விங்கின் மடல்கள்

பெரியோர் ஒருவரின் கடிதத் தொகுப்பு கைக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது எதை? காதல் மடல்களை, இல்லையேல் சினந்து எழுதிய மடல்களை. விருந்துக்கு வர இயலாமைக்கு வருந்துவதும், அனுப்பிய நூலுக்கு நன்றி கூறுவதுமான இரண்டு வரி மடல்களை விரைந்து புரட்டிவிடுகிறோம். அவை வெறும் உபசாரம் என்பது நம் தீர்ப்பு. இத்தீர்ப்பு சரிதானா என்று, விக்டோரியா அரசியின் காலத்து ஆங்கில மேடையை ஆண்ட நடிகர் ஹென்றி இர்விங்கை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

1838இல் சாமர்செட் பகுதியின் சிற்றூர் ஒன்றில் ஜான் ஹென்றி பிராட்ரிப் என்னும் பெயரோடு பிறந்தவர் அவர். 1856இல் மேடையேறியபோது பெயரும் மாறியது. 1871இல் இலண்டன் லைசியம் அரங்கில் 'தி பெல்ஸ்' நாடகம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. 1878இல் அந்த அரங்கின் பொறுப்பையே ஏற்று, நடிகை எல்லன் டெரியோடு இணைந்து ஆங்கில நாடகத்திற்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தார்.

'மதிப்பு' என்று சொன்னோம். இர்விங்கின் மடல்களைத் திறக்கும் சாவி அதுவே. 1572ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று, உயர்குடியினரின் ஆதரவைப் பெறாத நாடகக்காரரை நாடோடிகளோடு சேர்த்து எண்ணியது. மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அந்தக் கறை முழுதும் கழுவப்படவில்லை. மெதடிஸ்ட் சபையின் கண்டிப்பான பக்தியில் ஊறிய இர்விங்கின் தாயே, மகன் மேடையேறியதை மனமார ஏற்றாரில்லை. கைதட்டும் ஊர், வீட்டுக் கதவைத் திறக்கத் தயங்கியது. இத்தகைய சூழலில் ஒரு நடிகருக்கு வரும் விருந்தழைப்பும், அவர் எழுதும் மறுமொழியும் வெறும் உபசாரமாக இருக்க இயலுமா?

லைசியம் அரங்கின் உள்ளேயே 'பீஃப்ஸ்டேக் அறை' என்னும் விருந்துக்கூடம் இருந்தது. நாடகம் முடிந்தபின் அமைச்சர்களும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அங்கே நடிகரின் விருந்தினராக அமர்ந்தனர். 'வெனிஸ் வணிகன்' நூறாவது முறை நடிக்கப்பெற்ற 1880 பிப்ரவரி 14 அன்று, மேடையிலேயே பெருவிருந்து நடந்தது. பிரதமர் கிளாட்ஸ்டன் லைசியத்தை நாடி வந்த பெரியோருள் ஒருவர். 1883இல் 'சர்' பட்டம் பற்றிய பேச்சு வந்தபோது இர்விங் அதை ஏற்கவில்லை, 1895இல் ஏற்றார். அப்பட்டம் பெற்ற முதல் நடிகர் அவரே. அந்தப் பெருமையை நடிப்பு மட்டும் ஈட்டித் தரவில்லை என்பது நம் கருத்து. அழைப்பு, நன்றி, இரங்கல், வாழ்த்து எனத் திரை விழுந்தபின் எழுந்த சின்னஞ்சிறு தாள்களும் அதில் பங்கு கொண்டன. ஒவ்வொரு மடலிலும் ஒரு மனிதரோடு ஒரு தொழிலும் கையொப்பமிட்டது.

இங்கே ஒரு தடை எழலாம். அம்மடல்களில் பலவற்றை எழுதியவர் இர்விங் அல்லர்; 1878 முதல் அரங்கின் மேலாளராக இருந்த பிராம் ஸ்டோக்கர். ஆம், 1897இல் 'டிராகுலா' புதினத்தை வெளியிட்ட அதே ஸ்டோக்கர்தான். பிறர் எழுதிய சொற்களை மேடையில் பேசியவர், தாளிலும் பிறர் சொற்களில்தான் பேசினாரா? இது முகமூடியல்லவா?

மறுக்க முடியாத கேள்வி இது. எனினும் இதனோடு வேறொரு தொகுப்பை ஒப்பிட்டுப் பார்ப்போம். எல்லன் டெரியும் பெர்னார்ட் ஷாவும் எழுதிக்கொண்ட மடல்கள் 1931இல் நூலாயின. ஒளியும் குறும்பும் மிக்க மடல்கள் அவை. இலக்கியச் சுவையில் இர்விங்கின் மடல்கள் அவற்றின் அருகில் நிற்கமாட்டா. ஆயினும் அவ்விருவரும் நேரில் சந்திப்பதைத் தள்ளிப்போட்டே ஆண்டுக்கணக்கில் எழுதினர் என்பதை மறத்தலாகாது. அங்கே கடிதமே மேடை. அதன் அழகு எழுதுபவரைச் சுற்றியே சுடர்கிறது. உபசார மடலோ பெறுபவரை நோக்கியது. பிறர் கையால் எழுதப்பட்டாலும், மறுமொழியின்றி எவரும் விடப்படலாகாது என்னும் எண்ணம் இர்விங்குடையதே. முதுமையுற்ற நடிகர்க்கு அவர் ஓசையின்றி உதவியதும் அதே மனத்திலிருந்து பிறந்தது. தொடர்ந்து அணியும் முகமூடி, காலப்போக்கில் முகத்தையே தன் வடிவிற்குத் திருத்திவிடுவதும் உண்டு.

ஆனால் பண்பு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவதில்லை. 'தி பெல்ஸ்' வெற்றி கண்ட இரவில், வீடு திரும்பும் வழியில் மனைவி புளோரன்ஸ் அவர் தொழிலை இகழ்ந்து ஒரு சொல் சொன்னார் என்றும், இர்விங் வண்டியிலிருந்து இறங்கி நடந்தவர் அவ்வீட்டிற்குத் திரும்பவேயில்லை என்றும் வரலாறு கூறுகிறது. அயலார் ஆயிரவரோடு உறவைப் பேணியவர், தம் இல்லத்தில் அறுந்த இழையை முடியவில்லை. உபசார மடல்களைப் போற்றும் நாம் இந்த மௌனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எழுதிய கடிதங்கள் மட்டுமன்று, எழுதப்படாதவையும் ஒரு மனிதரின் வரலாறே.

1905 அக்டோபர் 13 அன்று பிராட்ஃபோர்டு நகரில், டென்னிசனின் நாடகத்தில் மறைசாட்சி பேராயர் தாமஸ் பெக்கெட்டாக நடித்து, இறைவனிடம் தன்னை ஒப்படைக்கும் சொற்களைச் சொல்லி முடித்தார். விடுதிக்குத் திரும்பியதும் சாய்ந்தார், உயிர் பிரிந்தது. ஒரு வாரத்தில் அவரது சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் வைக்கப்பெற்றது. அந்த அடக்கத்திற்கு வந்த நுழைவுச்சீட்டை ஷா ஒரு கூரிய மடலோடு திருப்பி அனுப்பினார். இர்விங்கின் வாழ்வில் இடம்பெறாத இலக்கியத்திற்கு அவரது சாவிலும் இடமில்லை என்பது அதன் சாரம். சாமர்த்தியமான மடல்தான், இன்றும் மேற்கோளாக வாழ்கிறது.

இர்விங்கின் நன்றிக் கடிதங்களோ மேற்கோளாவதில்லை. ஆனால் அவற்றைப் பெற்றவர்கள் அவற்றைக் கிழித்தெறியாமல் காத்தனர்; அதனாலன்றோ அவை இன்றும் நூலகப் பேழைகளில் கிடைக்கின்றன. சாமர்த்தியம் நினைவில் நிற்கிறது. பண்போ பேழையில் மடிந்து கிடக்கிறது. நம் மேசையில் மறுமொழிக்காகக் காத்துக்கிடக்கும் மடலை எண்ணிப் பார்க்கும்போது, இவற்றுள் எது நமக்குத் தேவையென்று தெளிவாகவே தெரிகிறது.