ஷெட்டில் கிடக்கும் அம்பாசடர்

சின்னமனூர் மாதிரி ஊர்களில் ஒரு காலத்தில் அம்பாசடர் தெருவுக்கே சொந்தமான வண்டி. பெண்ணழைப்புக்கும் பிரசவத்துக்கும் உரிமையோடு கேட்டு வாங்கிப் போவார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்து, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பல வருடம் ஷெட்டில் கிடந்தாலும் அதை எழுப்பிவிடலாம். பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்ப மாட்டார். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுவார். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது அவசரப்பட்டால் சிலிண்டர் சுவர் கீறிவிடும். மறுநாள் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றுவார். இன்ஜின் இளகிக் கொடுக்கிற அந்த நொடி அவ்வளவு அழகு! பிறகு டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் ஜெட்டை ஊதி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைப்பார். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் ஹோஸ்களையும் மாற்றிவிடுவார்.

இன்ஜின் உறுமினால் மட்டும் போதாது. பிரேக் சிலிண்டர் ரப்பர்கள் புதிதாக வேண்டும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயரைக் கழித்துவிட வேண்டும். சின்னமனூருக்கு மேலே மேகமலைச் சாலை 18 கொண்டை ஊசி வளைவுகளோடு காத்திருக்கிறது. அங்கே ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்கு எடை போடுமுன் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அந்தக் கைகள் இருக்கும்போதே எழுப்பிவிடுங்கள்.